வீட்டாள் சொன்ன தேதி

தாய்க்கு மூன்றில் ஒரு பங்கு என்று வாப்பா சொன்னார். நான் பேனாவைத் தாளில் வைக்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன்.

சொத்துப் பாகம் கேட்டு வந்திருந்த கேள்வியில், இறந்துபோனவருக்கு ஒரு மகன் உண்டு என்று தெளிவாக எழுதியிருந்தது. மகன் இருந்தால் தாய்க்கு ஆறில் ஒரு பங்குதான். ஓத வந்த முதல் வருடத்திலேயே பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற பாடம் அது. "மகன் இருக்கான் வாப்பா" என்றேன். "இருக்கட்டும். தாய்க்கு மூணுல ஒண்ணு. எழுது" என்றார், எப்போதும் போல என் வலது பக்கம் உட்கார்ந்து, எப்போதும் போல உறுதியான குரலில். நான் ஆறில் ஒன்று என்று எழுதினேன். அவர் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். முத்திரையை நான் குத்தினேன். இது நடந்தது மழை பிடித்த முதல் வாரம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. எனக்கு நாளும் நேரமும் மறக்காது. நாள் குறித்து வைப்பதுதான் எங்கள் வீட்டுத் தொழில்.

வாப்பாவைத் தராசு ஹஜ்ரத் என்பார்கள். பாராட்டும் அதுதான், கேலியும் அதுதான். சட்டம் கேட்டு வருகிறவர்களுக்கு ஃபத்வா கொடுப்பது அவருக்குப் பாதி வேலை. மீதிப் பாதி ஹதீஸ். நபிமொழி ஒன்று ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு, அவர் வாயிலிருந்து அடுத்தவர் காதுக்கு என்று இறங்கி வந்திருக்கும். அப்படி இறக்கிக் கொடுத்த அறிவிப்பாளர்களில் யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று பிரிப்பதுதான் அவருடைய ஆயுட்கால வேலை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் மண்ணுக்குள் போன மனிதர் ஒருவர் தன் ஆசிரியரை நிஜமாகவே சந்தித்தாரா, அல்லது சந்தித்ததாகப் பெயர் பண்ணிக்கொண்டாரா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். செத்தவர்கள் ஒருத்தரும் அவரிடமிருந்து தப்பித்ததில்லை. உயிரோடு இருந்தவர்களும்தான்.

அதிலும் நாற்பது வருடமாக அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகம் ஒரு தனி ரகம். வயதான காலத்தில் புத்தி குழம்பிப்போன அறிவிப்பாளர்களைப் பற்றியது. நல்லவர்கள், நம்பத் தகுந்தவர்கள், ஆனால் கடைசியில் கொஞ்ச வருடம் நினைவு கலங்கிவிட்டது. அவர்களை என்ன செய்வது? குழம்புவதற்கு முன்னால் அவர்களிடம் கேட்டவை ஏற்கப்படும். குழம்பிய பின்னால் கேட்டவை தள்ளப்படும். முன்னாலா பின்னாலா என்று தெரியாவிட்டால் அதுவும் தள்ளுபடி. ஆளுக்கு ஓர் அட்டை. எல்லாம் பழைய பிஸ்கட் டப்பாக்களில் வரிசையாக நிற்கும். ஏற்றவற்றைப் பச்சை மையில் எழுதுவார், தள்ளியவற்றைச் சிவப்பு மையில். இரண்டு பேனாவும் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். அந்த அட்டைகளில் ஒன்றில், தந்தைக்குக் குழப்பம் வந்தது தெரிந்ததும் கதவைச் சாத்தி, ஒருவரையும் அவரிடம் கேட்கவிடாமல் பார்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி இருக்கிறது. அதன் ஓரத்தில் வாப்பா பச்சை மையில் 'நல்ல பிள்ளைகள்' என்று எழுதியிருப்பார். என்னைப் பற்றியோ என் தம்பியைப் பற்றியோ அவர் அப்படி எழுதியதோ சொன்னதோ இல்லை.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு எட்டு மாதம் ஓடிவிட்டது. அவர் சொன்னதை நான் திருத்தி எழுதிக்கொண்டே இருந்தேன். முதலில் பத்துக்கு ஒன்று, பிறகு பத்துக்கு ஐந்து. கடைசியில் அவர் வாயைத் திறக்குமுன்னே பதிலை எழுதி முடித்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கட்டும் என்று மரியாதைக்குக் காத்திருப்பேன். யார் யாருக்கோ பாகம் பிரித்தேன். தலாக்குக்கோ கணவனின் சாவுக்கோ பிறகு பெண் காத்திருக்கும் இத்தா யாருக்கு எப்போது முடிகிறது என்று நாள் சொன்னேன். எல்லாவற்றுக்கும் கீழே வாப்பாவின் கையெழுத்து. தம்பி ஃபத்வா அலுவலகத்தின் செயலாளர். அவனுக்கு மூன்றாவது மாதமே விஷயம் தெரியும். "கையெழுத்து வாப்பாவோடதுதானே அக்கா, அப்புறம் என்ன" என்றான். பெண் சொன்னால் சட்டமாகுமா என்று மேடையில் அரை மணி நேரம் பேசக்கூடியவன் அவன்.

என் கதையையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஒரே ஒரு பையோடு, பஸ் பிடித்து இந்த வீட்டுக்குத் தனியாக வந்தேன். என் கணவன் சமையல்கட்டில் நின்று மூன்று முறை தலாக் சொல்லியிருந்தான். என்னையும் அவனையும் தவிர அங்கே இருந்தது குக்கர் ஒன்றுதான். மறுநாளே அவன் வந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றான். சபை கூடியது. நடுவில் வாப்பா. வேறு யாரையாவது உட்கார வைத்திருக்கலாம், எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். "என் மகள்ங்கிறதுக்காக நான் எழுந்து போனா, அப்புறம் எவன் என்னை நம்புவான்?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "சாட்சி இருக்கா?" இல்லை என்றேன். அவனைச் சத்தியம் செய்யச் சொன்னார். அவன் கூசாமல் செய்தான். மணம் முறியவில்லை, மனைவி கணவனோடு போகலாம் என்று தீர்ப்பானது. அன்றைக்குத்தான் அவருக்குத் தராசு என்று பெயர் வந்தது. பெற்ற மகளுக்கே எதிராகத் தீர்ப்புச் சொன்ன மனிதர் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். என்னிடமே வந்து பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு.

பிற்பாடு அவர் அலமாரியில் இருந்த சட்ட நூல்களுக்கு அட்டவணை போடும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. சாட்சி இல்லாததால் சபையில் பெண்ணின் சொல் நிற்காவிட்டாலும், தலாக்கைத் தன் காதால் அவள் கேட்டிருந்தால், இறைவனுக்கு முன்னால் அவள் அவனுடைய மனைவி இல்லை. முடிந்த வழியில் எல்லாம் அவனை விட்டு விலகியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஓரத்தில் வாப்பாவின் கையெழுத்தில் குறிப்பு இருந்தது. என் கல்யாணத்துக்கும் முந்தைய மை. ஆக அந்த வரி அவருக்குத் தெரியும். சபையில் அதை வாசிக்கவில்லை, வீட்டுக்குள் வந்தும் சொல்லவில்லை. என்னை ஆட்டோ ஏற்றி அனுப்பிவைத்தார். ஆறு வருடம் இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் போனது என் இடது காது. பிறகு அவனே இன்னொருத்தியைப் பார்த்துக்கொண்டு என்னைக் கைகழுவினான். அன்றைக்கு மட்டும் சாட்சிக்கு நான்கு பேர் வரிசையாக நின்றார்கள். திரும்பி வந்ததிலிருந்து வாப்பா என் வலது பக்கமாகவே உட்காருகிறார். இடது காதுக்கு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன வாரம் வியாழக்கிழமை ஒரு தையல்காரப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கடையிலிருந்து நேராக வந்திருப்பாள் போல, கழுத்தில் அளவு நாடா தொங்கியது, அதை எடுக்கக்கூட மறந்திருந்தாள். பெண்கள் வந்தால் நான் கூட இருப்பது வழக்கம். அவள் வாப்பாவின் எதிரே உட்கார்ந்து, குனிந்துகொண்டே பேசினாள்.

"சமையல்கட்டுல வச்சுத்தான் சொன்னாரு ஹஜ்ரத். மூணு தடவை. இப்ப இல்லவே இல்லைங்கிறாரு. சத்தியம் பண்றேன்னு நிக்கிறாரு. என் பக்கம் சொல்றதுக்கு ஆள் யாரும் இல்லை."

பதில் எனக்குப் பாடம். சாட்சி உண்டா என்று கேட்பார், இல்லை என்பாள், அவ்வளவுதான். எழுத வேண்டிய வாசகம்கூட மனதில் வந்து நின்றுவிட்டது.

வாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "பஸ்ஸு கிடைச்சுதா?"

அவள் விழித்தாள். "நடந்துதான் வந்தேன் ஹஜ்ரத்."

"இந்த வெயில்ல தனியாவா வந்தே? ஒரே பையைத் தூக்கிக்கிட்டு?" அவள் கையில் பை ஏதும் இல்லை. வாப்பா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "நீ பொய் சொல்ல மாட்டே. எனக்குத் தெரியாதா. சின்னதுல தட்டை உடைச்சாக்கூட நீயே வந்து, நான்தான் உடைச்சேன்னு நிப்பே. சாட்சி எதுக்கு? உன் சொல்லு போதும். அவன்கிட்ட திரும்பிப் போகாதே. உள்ள போ, உம்மாகிட்ட சொல்லிச் சாப்பிடு."

உம்மா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. தட்டை உடைத்துவிட்டு வந்து நின்றவள் நான்.

தையல்காரப் பெண் அளவு நாடாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெரியவர் தன்னை மகளாக நினைத்துப் பேசுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அது பொய்யும் இல்லை. வாப்பா என் பக்கம் திரும்பி, "எழுதும்மா" என்றார். அந்த நேரத்தில் நான் அவருக்கு யார் என்று தெரியவில்லை. எழுதுகிறவள் யாரோ ஒருத்தி. எதிரே உட்கார்ந்திருந்தவள்தான் மகள்.

எட்டு மாதமாக அவர் சொன்ன ஒவ்வொன்றையும் திருத்தியவள், அன்றைக்கு ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மணம் முறிந்தது, இத்தா தலாக் சொன்ன நாளிலிருந்து தொடங்குகிறது என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். முத்திரையைக் குத்தும்போது மேசை அதிர்ந்தது. அவள் போன பிறகு பின்கட்டுக்குப் போய் நின்று அழுதேன். சந்தோஷமா கோபமா என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. இருபது வருடம் காத்திருந்த சொல் கடைசியில் வந்தது. முகவரி மாறி வந்தது.

நேற்றுக் காலை தம்பி அந்த ஃபத்வாவின் நகலோடு வந்தான். தையல்காரப் பெண்ணின் கணவன் வழிச் சொந்தக்காரர் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். தராசு ஹஜ்ரத் இருபது வருடத்துக்கு முன்னால் சொன்னதும் இதுவும் எப்படிப் பொருந்தும் என்று அவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

"என்னக்கா இது?" என்றான். "எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துத் திருத்துறே. இதை மட்டும் எப்படி விட்டே?"

"வாப்பா சொன்னதை எழுதினேன்."

"வாப்பா இப்ப என்னென்னமோ சொல்றாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பாரு, பெரிசு பண்ண வேணாம். எழுதினவளோட பிழைன்னு ஒரு வரி போட்டு இதை மட்டும் வாபஸ் வாங்கிடுவோம். வாப்பா நல்லா இருக்காரு, நீ தப்பா எழுதிட்டே. அதோட முடிஞ்சுது."

"அந்தப் பொண்ணு?"

"புருஷன்கிட்ட போவா. வேற எங்க போவா?"

அவன் கெட்டவன் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக்கொண்டு ஓடி வருவான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை எவ்வளவு லேசாகச் சொன்னான் என்று பார்த்தபோது, இருபது வருடத்துக்கு முன்னால் என்னைப் பற்றியும் யாரோ இந்த வீட்டில் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது.

"எட்டு மாசமா எழுதினது எல்லாமே எழுதினவளோடதுதான்" என்றேன். "அதெல்லாம் சரியா இருந்துச்சு. வாப்பா சொன்னபடி எழுதின ஒண்ணே ஒண்ணுதான் பிழையா?"

"அது வேற, இது வேற."

"வேறதான். வாப்பாவுக்கு அட்டை எழுதணும் தம்பி. முத்திரையைப் பூட்டிட்டு, இனிமே யாரும் அவர்கிட்ட கேட்க வர வேணாம்னு சொல்லணும்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அவரையே அந்த டப்பாவுல போடப் போறியா?"

"அவரா இருந்தா முதல் வாரமே போட்டிருப்பாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இனி நடக்காது என்று அவனுக்கும் தெரியும். போன வாரம் பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்ற வாப்பாவைப் பழக்கடைக்காரர்தான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தம்பி கேட்டான்: "சரி, எந்தத் தேதியிலேர்ந்துன்னு போடுவே?"

"நாளைக்குச் சொல்றேன்."

அதுதான் கேள்வி. வாப்பாவின் புத்தகத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது, நானே படி எடுத்தது: குழப்பம் தொடங்கிய நாளை வீட்டாளிடம் கேட்டு எழுது, கூட இருந்தவருக்குத்தான் அது தெரியும். கூட இருந்தவள் நான் ஒருத்திதான். உண்மையான தேதியைச் சொன்னால், மழை பிடித்த முதல் வாரத்துச் செவ்வாய்க்கிழமை. அதற்குப் பின்னால் சொன்னது எல்லாம் தள்ளுபடி. எட்டு மாதம் நான் பிரித்துக்கொடுத்த பாகங்கள் போகட்டும், அவற்றை வேறு யாரும் சரிபார்த்து நிறுத்திவிடலாம். தையல்காரப் பெண்ணின் ஃபத்வா நிற்காது. அவள் சமையல்கட்டுக்குத் திரும்பிப் போவாள். அதோடு இன்னொன்றும் போகும். நீ பொய் சொல்ல மாட்டே, உன் சொல்லு போதும் என்று வாப்பா சொன்னதும் குழப்பத்துக்குப் பின் கேட்டது. அவருடைய சொந்தச் சட்டப்படி அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

வெள்ளிக்கிழமையிலிருந்து என்று சொல்லிவிட்டால் எல்லாம் நிற்கும். அந்தப் பெண் வந்து போனதற்கு ஒரே ஒரு நாள் தள்ளி. வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் தராசு ஹஜ்ரத் தெளிவாக இருந்தார், தெளிவான புத்தியோடு அந்தப் பெண்ணின் சொல்லை நம்பினார், தெளிவான புத்தியோடு தன் மகளை நம்பினார். அதைச் சொல்ல நான் பொய் சொல்ல வேண்டும். தட்டை உடைத்த நாளிலிருந்து இன்று வரைக்கும் நான் அவரிடம் சொல்லாத ஒன்று அது. சபையில்கூட, சாட்சி இருக்கிறது என்று யாரையாவது கூட்டிவந்து நிறுத்தியிருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரி தயாராகத்தான் இருந்தாள். நான் ஒப்பவில்லை. அந்த நேர்மைக்குக் கிடைத்த கூலி எந்தக் காதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை புது அட்டை ஒன்றை எடுத்தேன். வாப்பாவின் பெயரை எழுதினேன், அவருடைய தந்தையின் பெயரை எழுதினேன், பிறந்த வருடம், யார் யாரிடம் ஓதினார் என்று வரிசையாக எழுதினேன். மற்ற அட்டைகளில் அவர் எழுதியிருக்கிற முறைதான். கடைசியில் எழுதினேன்: நம்பத் தகுந்தவர். இறுதியில் குழப்பம் அடைந்தார். வெள்ளிக்கிழமையின் தேதியைப் போட்டேன். அதற்கு முன் கேட்டவை ஏற்கப்படும், பின் கேட்டவை தள்ளப்படும். இப்படிச் சொன்னது வீட்டாள்.

மை காயுமுன் வாப்பா வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தாடியைச் சீவிக்கொண்டு, பழைய மாதிரியே வந்தார். வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புது அட்டையா? படி, கேட்போம்."

படித்தேன். தன் பெயரைக் கேட்டபோது அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. யாரோ ஓர் அறிவிப்பாளர். ஆசிரியர்களின் பெயர் வந்தபோது மட்டும், நல்ல ஆட்களிடம்தான் ஓதியிருக்கிறார் என்பதுபோலத் தலையை அசைத்தார். தேதி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அந்த இடத்தில் அவர் எப்போதும் நிறுத்துவார்.

"தேதியைச் சொன்னது யாரு?"

"வீட்டாள்."

"வீட்டாள்னா? பேரு இல்லாம எழுதக் கூடாதே."

"மகள்."

"கூடவே இருந்தவளா?"

"பதினாலு வருஷம். பக்கத்துலயே."

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தார். அட்டையைத் தன் பக்கம் இழுத்து, வீட்டாள் என்ற சொல்லுக்கு நேரே ஓரத்தில் விரலை வைத்தார். பச்சையோ சிவப்போ, தீர்ப்பு எழுதுகிற இடம் அது. சிவப்புப் பேனாவை ஒதுக்கிவிட்டுப் பச்சையின் மூடியைக் கழற்றினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் கண் இவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்துப் பல மாதம் ஆயிற்று.

"அந்த மகளைப் பத்தி உனக்குத் தெரியுமா?" என்றார். "பொய் சொல்றவளா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அட்டைக்கு ஒரு விரல் மேலே பச்சைப் பேனா நின்றது. அதன் முனையில் ஒரு சொட்டு மை மெதுவாகத் திரண்டுகொண்டிருந்தது.